கிராம் கிராமாகக் கேட்ட வரம்

குருவாயூரில் துலாபாரத் தராசுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஒரு தட்டில் குழந்தையோ பெரியவரோ அமர்ந்திருக்க, மறுதட்டில் கதலிப்பழமோ வெல்லமோ சர்க்கரையோ வெண்ணெயோ ஏற ஏற, அமர்ந்திருப்பவரின் தட்டு மெல்ல மேலெழும். இரு தட்டுகளும் சமமாகும் கணத்தில் சுற்றி நிற்பவர்களின் கைகள் தாமாகக் குவியும். சத்தியபாமா பொன்னும் மணியும் குவித்தும் அசையாத தட்டு, ருக்மிணி பிராட்டி இட்ட ஒற்றைத் துளசி இலைக்கு இணங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தத் தராசைக் கண்டதும் மெய்சிலிர்ப்பதில் வியப்பில்லை.

அந்தத் தராசில் என் பேத்தியை அமர்த்துவதாக 2013-ஆம் ஆண்டு நான் வேண்டிக்கொண்டேன். பத்து ஆண்டுகள் கழித்து அந்த வேண்டுதலை நிறைவேற்றப் புறப்பட்டபோது நடந்தவற்றை, என்னைப் போலத் தாத்தா பாட்டியாக இருக்கும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பேத்தியிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரைப் போடக் கூடாது என்பது மட்டுமே அவள் விதித்த நிபந்தனை.

பிறக்க வேண்டிய நாளுக்கு எட்டு வாரம் முன்பாகவே அவள் பிறந்துவிட்டாள். எடை 1,640 கிராம். இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள், என் முன்கை நீளம்கூட இல்லாத ஓர் உயிர். முதல் ஐந்து நாட்களில் எடை மேலும் இறங்கி 1,510-க்கு வந்தது. பிறந்த குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் எடை சற்று இறங்குவது இயல்புதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அறிவு ஏற்றுக்கொண்டது, மனம் ஏற்கவில்லை.

நான் வங்கியில் பணியாற்றியவன். கணிசமான காலம் நகைக்கடன் பிரிவில் அமர்ந்து, கிராம் கணக்கில் தராசைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியது. ஆனால் அந்த இருபத்தாறு நாட்கள் ஒரு தராசின் முன் நின்றதுபோல் வாழ்நாளில் வேறெப்போதும் நின்றதில்லை. தினமும் காலையில் செவிலியர் சொல்லும் எண்ணை டைரியில் குறித்துக்கொள்வேன். ‘20 கிராம் ஏற்றம். கிருஷ்ணார்ப்பணம்.’ ‘இன்று ஏற்றம் இல்லை.’ ‘35 கிராம்! சாயங்காலம் கோயிலில் நெய்விளக்கு.’ எடை 1,600-ஐத் தாண்டிய அன்றுதான் குருவாயூரப்பனை நினைத்து வேண்டிக்கொண்டேன்: குழந்தை தேறி வீட்டுக்கு வரட்டும், பத்து வயது நிறைந்ததும் எடைக்கு எடை கதலிப்பழம் செலுத்துகிறேன். 1,900 கிராமோடு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

வந்தவளை நாங்கள் எப்படி வளர்த்திருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. பசித்தாலும் பால், அழுதாலும் பால், தூங்கி விழித்தாலும் பால். ஓராண்டு கழிந்து பருப்பும் நெய்யும். இரண்டாவது கரண்டி நெய்க்கு என் மனைவி கணக்கு வைத்ததில்லை. நான் 1957-இல் பிறந்தவன். அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில், பையோடு வரிசையில் நின்ற பிள்ளைப் பருவம் எனக்கு உண்டு. எங்கள் தலைமுறைக்குக் குழந்தையின் கன்னம் உப்புவது என்பது வீட்டுக்கு லட்சுமி வந்ததற்கு அடையாளம். ஊரிலிருந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, “என்ன இப்படி இளைச்சுட்டே?” என்று கேட்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாசம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை அவசரமாகக் கொழுக்க வைத்தால், பின்னாளில் அவர்கள் உடலில் கொழுப்பு கூடும் வாய்ப்பு அதிகம் என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

ஏழெட்டு வயதில் அவள் வகுப்பிலேயே பெரிய உருவமாக இருந்தாள். நான்தான் அவளுக்குச் செல்லப்பெயர் வைத்தேன். குண்டோதரி. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று அன்னமலையை உண்டு தீர்த்த குண்டோதரனை நினைத்து வைத்த பெயர். திருவிளையாடல் தெரிந்தவன் என்ற பெருமை வேறு எனக்கு. உண்மையில் அந்தத் திருவிளையாடலில் குண்டோதரன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் வயிற்றில் பசித்தீயை மூட்டியவர் சுந்தரேசுவரர். பாடம், சமைத்த செல்வத்தைக் குறித்த பெருமிதத்துக்கு. பசியை அவனுக்குக் கொடுத்தவரை விட்டுவிட்டு, உண்டவனை மட்டும் நாம் காலங்காலமாகக் கேலிக்கு எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். நெய்யை ஊற்றியவர்கள் நாங்கள். பெயர் வாங்கியவள் அவள்.

அவள் அந்தப் பெயருக்குச் சிரிப்பாள். அதனால் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

2023-ஆம் ஆண்டு அவளுக்குப் பத்து வயது நிறைந்தது. கோடை விடுமுறையில் குருவாயூர் செல்வதென்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு மாலை, சென்னையில் என் மகள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பயணச் செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். என் அண்ணனும் அவர் குடும்பத்தாரும் வந்திருந்தனர். பழத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நான் பென்சிலை எடுத்ததும் அண்ணன் சொன்னார்: “சீக்கிரம் முடிச்சுடுப்பா. இன்னும் ஒரு வருஷம் தள்ளினா உன் பென்ஷன் பத்தாது.” கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது, சமையலறை வாசலில் எல்லோருக்கும் காபித் தட்டை ஏந்தியபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். தட்டு ஆடவில்லை. ஒவ்வொருவரிடமும் நீட்டி, காபியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அன்று இரவு வயிறு வலிக்கிறது என்று சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றாள். நாங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உள்ளூர மகிழ்ந்தோம். பரவாயில்லை, தானாகவே குறைத்துக்கொள்கிறாளே என்று.

பத்துப் பதினைந்து நாள் சென்றிருக்கும். அவள் படுக்கையை உதறிய என் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முந்தைய ஆண்டு, கைச்செலவுக் காசுக்குக் கணக்கு எழுத நான் வாங்கிக்கொடுத்த நோட்டு. தேதி, வரவு, செலவு, இருப்பு என்று அளவுகோல் வைத்துக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவன் நான். கோடுகள் அப்படியே இருந்தன. தலைப்புகள் மட்டும் மாறியிருந்தன. தேதி, காலை எடை, சாப்பிட்டது, இரவு எடை. குளியலறை ஓரத்தில் கிடந்த எடைக் கருவியில் ஒரு நாளில் நான்கு முறைகூட ஏறி இறங்கியிருக்கிறாள். எடை கூடிய நாட்களில் எண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு. ஓரிடத்தில், ‘ராத்திரி யாருக்கும் தெரியாமல் 4 பிஸ்கட்’ என்று எழுதி அதையும் சிவப்பால் அடித்திருந்தாள்.

தணிக்கையில் எத்தனையோ கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கியது அந்த ஒன்றுக்குத்தான்.

மகளும் மருமகனும் முதலில் குழந்தையை அழைத்துக்கொள்ளாமல் தனியாகச் சென்று குழந்தைகள் மருத்துவரைப் பார்த்தார்கள். அடுத்த முறை அவளோடு நானும் சென்றேன். அந்த அம்மையாருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எடை பார்க்கும்போது, எண் தெரியாதபடி குழந்தையைத் திரும்பி நிற்கச் சொன்னார். எண்ணைக் குறித்துக்கொண்டாரே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு அவளிடம் தூக்கம், பள்ளி, தோழிகள், மாலையில் என்ன விளையாட்டு என்று பேசிக்கொண்டிருந்தார். கழுத்தின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

அந்தக் கழுத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேத்தியின் பிடரியிலும் அக்குளிலும் ஓராண்டாகக் கறுப்புப் படிந்திருந்தது. சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று என் மனைவி அவளைக் கடிந்துகொள்வாள். பயத்தமாவு போட்டுச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தும் விட்டிருக்கிறாள். அது அழுக்கே அல்ல என்று மருத்துவர் விளக்கினார். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது தோல் தடித்துக் கறுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் புண்தான் ஆகும். இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். பகவான் அருளால் சர்க்கரை எல்லைக்குள் இருந்தது, தைராய்டிலும் குறையில்லை. அன்று வீடு திரும்பியதும் என் மனைவி பேத்தியின் கழுத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படிக் கழுத்து கறுத்தாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறினாலோ, ஓயாத தாகம் இருந்தாலோ, முழங்கால் வலித்தாலோ, அன்பர்கள் குழந்தையைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அது அவர் வேலை.

அவர் சொன்னவற்றில் என் அறியாமையைக் குத்தியது ஒன்று உண்டு. பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அட்டவணையை வைத்து அவள் எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன். அவர் அதை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அந்த எண்கள் பொருந்தா. வயதுக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப வரைந்த வளர்ச்சிப் படத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்; இந்தியக் குழந்தைகளுக்கென்று நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் திருத்தி வெளியிட்ட படம் இருக்கிறது. பருவமெய்தும் வயதை ஒட்டிப் பெண் குழந்தைகளுக்குச் சதை போடுவது இயற்கை. “இவள் இன்னும் உயரமாவாள். கிலோவைக் குறைப்பது என் நோக்கம் இல்லை. உங்கள் நோக்கமும் அதுவாக வேண்டாம். எடையை என்னிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம்” என்றார்.

பேச்சே வேண்டாம் என்பது எனக்கு முதலில் பொறுப்பற்றதாகத் தோன்றியது. கண்டிக்காமல் எப்படித் திருத்துவது? பிறகு அவர் கொடுத்த ஒரு கட்டுரையை மகளின் உதவியோடு படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2016-ஆம் ஆண்டு தன் மருத்துவர்களுக்குத் தந்த வழிகாட்டுதல் அதில் விளக்கப்பட்டிருந்தது. வளரிளம் பிள்ளைகள் விஷயத்தில் பட்டினி, டயட் போன்றவற்றை ஊக்குவிக்கக் கூடாது. வீட்டில் குழந்தையின் எடையைப் பற்றியோ, பெரியவர்கள் தங்கள் எடையைப் பற்றியோ பேசுவதைத் தவிர்க்க வேண்டும். எடையைச் சொல்லிக் கேலி செய்வது பின்னாளில் அளவு மீறி உண்பதற்கும் உணவுக் கோளாறுகளுக்கும் மேலும் எடை கூடுவதற்குமே வழிவகுக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து உண்பது நன்மை தருகிறது. அந்தப் பக்கத்தில் என் பேத்தியின் நான்கு பிஸ்கட்டுகளைக் கண்டேன். ஒளித்து வைக்க ஒளித்து வைக்கத்தான் குழந்தைக்கு ஆசை பெருகுகிறது. நாம் பார்க்கும்போது உண்ணாத குழந்தை நாம் பார்க்காதபோது உண்கிறது, அதுவும் குற்ற உணர்ச்சியோடு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் 39 கோடிக்கும் அதிகமானோர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடற்பருமன். இத்தனை கோடிப் பிள்ளைகள் எல்லோருமா அடக்கமில்லாமல் உண்பவர்கள்? பிறவி வாகு, மரபு, தூக்கக் குறைவு, விளையாட இடமில்லாத தெரு, மூலைக்கு மூலை பேக்கரி, இவற்றோடு எங்களைப் போன்ற தாத்தா பாட்டிகளின் கரண்டியும் அதில் இருக்கிறது.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பேரக்குழந்தையிடம் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லையே. ஒரு மாலை, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னேன்: “அன்னிக்குப் பெரிய தாத்தா பேசினப்போ நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா. தப்பு.”

“நீங்க மட்டுமா சிரிச்சீங்க?” என்றாள், துணியை மடித்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, “நான் பொறந்தப்போ எவ்ளோ வெயிட் தாத்தா?” என்று கேட்டாள்.

கீழே வந்து, பெட்டியிலிருந்த 2013-ஆம் ஆண்டு டைரியை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். 20 கிராம் ஏற்றம். 15 கிராம் ஏற்றம். 35 கிராம், நெய்விளக்கு. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அப்போ வெயிட் ஏறினா சந்தோஷப்பட்டீங்களா?”

ஆமாம் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த டைரி இப்போது அவளிடம் இருக்கிறது. சிவப்புக் கோடு போட்ட நோட்டு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. எடைக் கருவியை மருமகன் அன்றே அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று விட்டுவிட்டு வந்தார்.

பிறகு வீட்டில் சில மாறுதல்கள். அவளுக்கென்று தனிச் சமையல் கிடையாது. எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம், தொலைக்காட்சி இல்லாமல். மாலைச் சிற்றுண்டிக்கு பஃப்ஸ் வாங்கி வரும் வழக்கத்தை விட்டு, சுண்டலும் கடலையும் பழமுமாக மாற்றிக்கொண்டோம். அது என் சர்க்கரைக்காக என்றுதான் சொன்னோம், பொய்யும் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பக்கத்துக் கோயிலுக்கு நானும் அவளும் நடந்து செல்கிறோம். ‘நடந்தால் உடம்புக்கு நல்லது’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. தாத்தாவுக்குத் துணை வேண்டும், அவ்வளவுதான். கோயில் யானையைப் பற்றியும் கணக்கு டீச்சரைப் பற்றியும் அவள் ஓயாமல் பேசுவாள். இத்தனை ஆண்டுகள் இவள் மனத்தில் இவ்வளவு இருந்ததா என்று வியந்திருக்கிறேன். ஒருநாள்தான், பள்ளி வேனில் சிலர் பிளிறிக் காட்டுவார்கள் என்று சொன்னாள். “நீ பிள்ளையார் மாதிரி அழகுடி” என்று என் மனைவி அதுவரை ஆசையாகச் சொல்லிவந்த வார்த்தை, அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அன்று புரிந்தது. நம் ஆறுதல் வார்த்தைகளையும் குழந்தையிடம் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மகள் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியையிடம் பேசினாள். பிளிறல் முற்றாக நின்றதா என்று தெரியாது; ஆனால் தன் பக்கம் வீடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

பிரசாதத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். முன்பெல்லாம் சந்நிதியில் சர்க்கரைப்பொங்கல் தொன்னை கைக்கு வந்ததும், அவள் பங்கில் பாதியை எடுத்துத் தம்பியின் தொன்னையில் போட்டுவிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் எதிரில்! பகவான் முன்னிலையில் இருவருக்கும் ஒரே அளவு கொடுத்த பட்டரின் கையை, நான் திருத்தியிருக்கிறேன். இப்போது இருவருக்கும் ஒரே தொன்னை அளவுதான். சில நாள் அவளே பாதியை எனக்குத் தருகிறாள், சில நாள் முழுவதும் உண்கிறாள். நான் பார்ப்பதில்லை. அதேபோல, அழுதால் ஜாங்கிரி, மதிப்பெண் வாங்கினால் ஐஸ்கிரீம் என்று உணவைப் பரிசாகக் கொடுப்பதையும் விட்டோம். இது எனக்குத்தான் கடினமாக இருந்தது. ஜிப்பாப் பையில் மிட்டாய் இல்லாத தாத்தாவாக இருக்கப் பழக வேண்டியிருந்தது.

தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது, இன்றைய உடம்புக்குப் பொருந்தும் பட்டுப்பாவாடையை அவளே தேர்ந்தெடுத்தாள். ‘கொஞ்சம் இளைச்சப்புறம் நல்லதா எடுக்கலாம்’ என்று முந்தைய ஆண்டு தள்ளிப்போட்டிருந்தோம். அதே பாவாடையில் மார்கழியில் ஆண்டாள் வேடம் போட்டாள். அதற்கும் முன்பு ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். உனக்குக் கிருஷ்ணர் வேடம்தான் சரியாக இருக்கும் என்று சொல்லி மறுத்தவர்கள் நாங்களே. ஆண்டாள் ஒல்லியாக இருந்தாள் என்று யார் கண்டது?

எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை அண்ணன் வந்து வழக்கம்போல் ஆரம்பித்தபோது, “அண்ணா, இந்த வீட்டில் யாரும் யாருடைய உடம்பைப் பற்றியும் பேசுவதில்லை” என்றேன். அறுபத்தைந்து ஆண்டுகளில் அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஒரு குழந்தைக்காகத் தன்னை அவமதித்துவிட்டதாக எண்ணி, இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேதனைதான். பொங்கலன்று நானே சென்று நமஸ்கரித்தேன். இப்போது வந்தால், “என்ன வரைஞ்சிருக்கே, காட்டு” என்று பேத்தியிடம் கேட்கிறார். சற்று மிகையாகத்தான் கேட்கிறார். அதுவும் நன்றாகவே இருக்கிறது.

இதற்கிடையில் குருவாயூர் வேண்டுதல் அப்படியே நின்றது. தெய்வத்துக்குச் சொன்ன வாக்கு, தள்ளவும் முடியாது. துலாபாரத்துக்கு உட்கார வருகிறாயா என்று அவளை நேராகவே கேட்டேன். “எல்லார் முன்னாடியுமா?” என்றாள். ஆமாம் என்றேன். “எவ்ளோ கிலோன்னு தெரியுமா?” தெரியும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “சாமி கோச்சுக்குமா தாத்தா?” என்றாள்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோயிலின் வயதான பட்டரிடம் சென்றேன். அனைத்தையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “வேண்டிண்டது யாரு?” நான்தான் என்றேன். “நீர் பாங்க்ல இருந்தவராச்சே. கையெழுத்து வாங்காம ஒருத்தரை ஜாமீன் போட முடியுமோ? அவ இன்குபேட்டர்ல இருந்தப்போ நீர் எழுதின பத்திரம் ஓய் இது. நீரே போய் உக்காரும். பகவான் ஏத்துப்பான்.”

2024 மே மாதம் குடும்பத்தோடு குருவாயூர் சென்றோம். விடியற்காலை நிர்மால்ய தரிசனம் ஆயிற்று. பிறகு துலாபாரத்துக்குப் பணம் கட்டிவிட்டு வரிசையில் நின்றேன். அங்கு ஆண்கள் மேலாடை அணியக் கூடாது என்பதை அன்பர்கள் அறிவார்கள். வேட்டியும் அதன்மேல் என் தொந்தியுமாகத் தராசுத் தட்டில் அமர்ந்தேன். சங்கிலிகள் மெல்ல ஆடின. நாற்புறமும் முகங்கள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவரவர் பிரார்த்தனையில் அவரவர் இருந்தார்கள். ஆனாலும் அறுபத்தாறு வயதில் நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கதலிப்பழங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. போதும், போதும் என்று மனம் கெஞ்சியது. தட்டு அசையவில்லை. இன்னும் பழம் கொண்டு வந்தார்கள்.

தட்டு கடைசியில் மேலெழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கண்ணாடிப் பெட்டி மனத்தில் வந்தது.

இறங்கியதும் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிராகாரத்தில் சிறிது தூரம் நடந்த பிறகு, மற்றவர்கள் முன்னே செல்லட்டும் என்று காத்திருந்து, என்னைக் குனியச் சொன்னாள்.

“எத்தனை கிலோன்னு எனக்குத் தெரியும் தாத்தா. பாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டேன்” என்றாள் காதோடு.